முட்டியில் இறங்கிய அக்கினி

பாஸ்டர் மோசஸ் பொறுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, எபினேசரின் வலது முட்டியில் கட்டியிருந்த உப்பு மூட்டை நன்றாகச் சுட ஆரம்பித்திருந்தது.

அதை அவிழ்க்க வழியில்லை. ஜெப வீட்டின் முன்வரிசைப் பாயில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டிக்குள்ளே, மனைவி செண்பகத்தின் பழைய புடவைக் கிழிசலில் முடிந்த வறுத்த கல்லுப்பு. ஒரு முழம் தள்ளி, சம்பந்தி ஆகப் போகிற யேசுதாஸ் மூப்பர். எபினேசருக்கு நெற்றியில் வேர்த்தது. துடைத்தால் பார்ப்பார்களோ என்று துடைக்காமல் இருந்தார்.

குற்றம் யாருடையது என்று கேட்டால், வேனுடையது என்றுதான் சொல்ல வேண்டும். ஆராதனைக்குக் கிளம்பும் முன்னால் கொஞ்ச நேரம் ஒத்தடம் கொடுத்து அவிழ்த்துவிடலாம் என்றுதான் செண்பகம் கட்டினாள். முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. பொன்னேரியிலிருந்து யேசுதாஸ் மூப்பர் குடும்பத்தோடு இறங்கினார்.

"சேந்தே போலாம்னு வந்தோம் பிரதர். ஏறுங்க, ஏறுங்க."

உள்ளே போய் அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? எபினேசர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் சபையில் மருந்து எடுப்பதில்லை. வியாதி என்ற சொல்லைக்கூட எடுப்பதில்லை, பெலவீனம் என்பார்கள். காய்ச்சலானாலும் கால்வலியானாலும் ஜெபம்தான். அதிலும் சபைப் பெரியவரான யேசுதாஸ் மூப்பர் பொன்னேரிக் கிளைக்கே தூண். தன் வீட்டு மாடியில் குடியிருந்தவர் தலைவலித் தைலம் தேய்த்த வாசனை கீழே வந்தது என்பதற்காகவே வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர். ஜெபத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை. எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகும், மூப்பர் மட்டும் முழங்காலிலேயே இருப்பார். அவர் எழுந்திருப்பதை யாரும் பார்த்ததில்லை என்று சபையே பெருமையாகச் சொல்லும்.

அந்த வீட்டுப் பையன் தானியேலைத்தான் எபினேசரின் ஒரே மகள் ஜெபா மனசில் வைத்திருந்தாள். வாலிபர் கூட்டத்தில் அவன் கீபோர்டு வாசிப்பான், இவள் பாடுவாள். பெரியவர்கள் பேசி, ஏறக்குறைய ஒத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் எபினேசர் டாக்டரிடம் போனார் என்பது மட்டும் தெரிந்தால், வேன் வந்த வழியே திரும்பிவிடும்.

போயிருந்தார் என்பதுதான் சங்கடம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கம்பி மில்லில் இளவயதிலிருந்து நின்ற கால். அந்த வருஷம் மழைக்காலத்தில் முட்டி மடங்க மாட்டேன் என்றது, மடங்கினால் நிமிர மாட்டேன் என்றது. ஜெபித்துப் பார்த்தார், பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கும்மிடிப்பூண்டியில் பாஸ்டர் இருக்கிறார், பொன்னேரியில் மூப்பர் இருக்கிறார். ஆகவே தெரிந்த முகம் ஒன்றும் வராத பழவேற்காட்டுக்குப் போய், எலும்பு டாக்டர் மொய்னுதீன் முன்னால் காலை நீட்டினார்.

"முட்டி தேஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "உள்ள மெத்தை மாதிரி இருக்குற சவ்வு தேஞ்சா திரும்ப வளராது. ஆனா வலிய அடக்கி வெக்கலாம். தினம் சூடு குடுங்க, காலை நீட்டி மடக்கிப் பழகுங்க."

"டாக்டர், நான் கம்பி மில்லுல வேல செய்யிறவன். ஆயுசு பூரா சூட்டுலதான் நின்னுகினு கீறேன்."

"அது மூஞ்சிக்கு. முட்டிக்கு யாரு குடுக்கறது?"

வெளியே வந்தபோது நர்ஸ் மரியம் பீவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மோதிரம் இல்லாத விரல், தலையில் துண்டு.

"ஜெப ஊட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

எபினேசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெல்லாம் இல்லம்மா," என்று தன் முதல் பொய்யைச் சொன்னார்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "கால் மணி நேரம், மிஞ்சிப் போனா இருவது நிமிசம். துணிய நாலா மடிச்சிப் போட்டு அதுக்கு மேல வெக்கணும். தோலு லேசா செவக்கலாம், வேவக்கூடாது. வீங்கிக்கினு இருந்தா வெக்காதீங்க. அடுத்த தபா செவ்வாக்கெழம வாங்க. செவ்வாக்கெழம மட்டும்தான்."

"ஏம்மா, மத்த நாள்ல டாக்டர் இருக்க மாட்டாரா?"

"இருப்பாரு. நீங்க வராதீங்க."

இவ்வளவு கறாரான நர்ஸை அவர் பார்த்ததில்லை. கூட்டம் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தாரா என்றால், அதுவும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்கத்தான் தோன்றும். "நாளைக்குப் பாக்கலாம்மே" என்பார். நாளைக்கும் அதையே சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் செண்பகம் விடாப்பிடியாக உப்பை வறுத்து, கையோடு கட்டிவிட்டாள்.

"எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிப்போம்," என்றார் பாஸ்டர்.

சபை முழங்கால் போட்டது. எபினேசர் போடவில்லை. போட்டால் மூட்டை நழுவி நடுப்பாயில் விழும். மூப்பர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அதைப் பாஸ்டர் பார்த்தார். மெல்ல இறங்கி வந்து எபினேசர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெலவீனமா பிரதர்?"

"லேசா. முட்டிதான் பாஸ்டர் ஐயா."

பாஸ்டர் கையை நீட்டி, வேட்டிக்கு மேலாக முட்டியில் வைத்தார். எபினேசர் கண்ணை மூடிக்கொண்டார். தொலைந்தது. ஜெபாவின் முகம் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

பாஸ்டரின் கை அப்படியே நின்றது. விரல்கள் முடிச்சைத் தடவின. நழுவிக்கொண்டிருந்த மூட்டையைக் கொஞ்சம் மேலே தள்ளி, முட்டிக்கு நேராக வைத்தன. பிறகு அவர் கூரையைப் பார்த்து முழங்கினார்.

"அக்கினி! பிரதர் முட்டியில அக்கினி எறங்குது! ஸ்தோத்திரம் பண்ணுங்க!"

"ஸ்தோத்திரம்!" என்று ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது.

சிப்காட் வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் கன்னியம்மா முண்டியடித்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தாள். கொதிக்கிற எண்ணெய்க்கே அஞ்சாத கை அது. "ஐயோ, மெய்தாம்மா! தோசக்கல்லு கணக்கா காயிது!" என்று அலறினாள்.

பிறகு வரிசையாக வந்து தொட்டார்கள். அத்தனை பேர் தொட்டு முடிப்பதற்குள் உப்பின் சூடு உள்ளே இறங்கி, முட்டி இளகிவிட்டது. "இப்ப முழங்கால் போடுங்க பிரதர்," என்றார் பாஸ்டர். எபினேசர் ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டார். முனகல்கூட வரவில்லை. சபை கை தட்டியது.

யேசுதாஸ் மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கினி எறங்குன ஊட்ல பொண்ணு எடுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்," என்றார். அங்கேயே நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எபினேசர் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமே பண்ணி வெச்சிகினு கீற?"

"நான் உப்பதான் வறுத்தேன். அக்கினின்னது பாஸ்டரு," என்றாள் செண்பகம்.

"உண்மைய சொல்லிடட்டுமா?"

"சொல்லு ஜெபா நைனா. தாராளமா சொல்லு. அப்புறம் ஒம் பொண்ணு மூஞ்சிய நீயே பாத்துக்கோ."

"மருந்து எடுக்கக்கூடாதுன்னு கீதேமே."

"உப்பு இன்னா மருந்தா? உப்பு வறுக்கறது சமையலு. சமையலு பாவம்னா ஒலகத்துல பொம்பள ஒருத்தியும் மோட்சத்துக்குப் போவ மாட்டா."

அந்த வாதம் எபினேசருக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு ஒரு நாள் கூத்து, அத்தோடு முடிந்தது என்று நினைத்துத் தூங்கிப்போனார்.

முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, கன்னியம்மா தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தடாவிலிருந்து வந்த தங்கைக்குத் தோள்பட்டை வலி. அக்கினி இறங்கின முட்டியைத் தொட்டால் சரியாகும் என்று கன்னியம்மா சொல்லியிருக்கிறாள். எபினேசர் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் தங்கை தொட்டும்விட்டாள்.

தொட்ட கையை எடுத்துப் பார்த்தாள். "அண்ணே, சில்லுன்னு கீதே."

"அது வந்து சிஸ்டர்..."

"இன்னா தப்பு பண்ணீங்க?" என்றாள் கன்னியம்மா.

"நான் ஒண்ணும் பண்லம்மா!"

"ஒண்ணும் பண்ணாம அக்கினி அவியுமா? பொய் கிய் எதுனா சொன்னீங்களா?"

எபினேசர் வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டார். கன்னியம்மாவுக்கு அதுவே பதிலாகிவிட்டது. அவள் வடைமாவு அரைக்கும் முன்னால் செய்தி பொன்னேரிக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மூப்பரின் செல்போன் அழைப்பு வந்தது.

"பிரதர், முட்டி ஆறிப்போச்சின்னு கேள்விப்பட்டேன். நிச்சயத்த தள்ளி வெச்சிக்கலாமா? நீங்க ஒபவாசம் இருந்து சரி பண்ணிக்கினு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு எபினேசர் மகளைப் பார்த்தார். ஜெபா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தாள், சாப்பிடவில்லை.

"செண்பகம்," என்றார் எபினேசர் களைப்பாக. "உப்ப வறு."

அன்றிலிருந்து அந்த முட்டி ஆறவில்லை. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு சூடு. சாயங்காலம் ஆட்கள் தொட வரும்போது ஒரு சூடு. வெறும் தொடுதலோடு விட்டார்களா? "நீட்டிக் காட்டுங்கண்ணே", "மடக்கிக் காட்டுங்கண்ணே" என்று ஆளாளுக்குச் சாட்சி கேட்டார்கள். எபினேசர் நீட்டினார், மடக்கினார். முட்டி தேய்ந்த மனிதனை ஊரே சேர்ந்து கசரத்து எடுக்க வைத்தது.

உப்பு மூட்டை வேட்டிக்கு மேல் புடைத்துத் தெரிகிறது என்று தோன்றி, ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று வாங்கினார். கும்மிடிப்பூண்டி மருந்துக் கடையில் வாங்கினால் செய்தி பரவும் என்று, ரயிலேறித் தண்டையார்பேட்டை வரை போய் வாங்கி வந்தார். தட்டையாக இருந்தது, புடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில், பாட்டுக்கு நடுவில், அதன் மூடி மெல்லத் திறந்துகொண்டது.

வேட்டி நனைந்தது. பாய் நனைந்தது. ஈரம் ஊர்ந்து போய்ப் பக்கத்துப் பாயையும் தொட்டது. எபினேசர் அசையாமல் கண்ணை மூடிப் பாடிக்கொண்டேயிருந்தார்.

கன்னியம்மா குனிந்து பார்த்தாள். பிறகு அவள் குரலில் இரக்கம் வந்துவிட்டது. "வெக்கப்படாதீங்கண்ணே. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

ஜெபம் முடியும்போது, "நம்ம எபினேசர் பிரதருக்கு மூத்திரப் பெலவீனம் நீங்கும்படி ஜெபிப்போம்," என்று அவளே அறிவித்தாள். சபை உருக்கமாக ஜெபித்தது. அதற்கும் அவர்தான் ஆமென் சொல்ல வேண்டியிருந்தது.

"வேணாம்மே, மறுபடியும் உப்புக்கே போயிடலாம்," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

ஆனால் உப்புக்கும் ஒரு பேஜாரு முளைத்தது. அவர் சாயங்காலம் வருவதற்கு முன்பே ஆட்கள் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய் உப்பு வறுத்துக் கட்ட முடியாது. ஆகவே மில்லிலேயே சூடு பண்ணிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். மில்லில் உருட்டி வந்த கம்பிகள் ஆறுகிற இரும்புப் படுகையின் ஓரத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸை வைத்துச் சூடு பண்ணுவார்கள். எபினேசரும் ஒரு டிபன் பாக்ஸ் நிறையக் கல்லுப்பை வைத்தார். கிரேன் ஓட்டும் சாலமோன் தன் டப்பா என்று நினைத்து அதைத் திறந்துவிட்டான்.

"யோவ் எபினேசரு, ஊட்ல சண்டையா? வெறும் உப்ப கட்டிக் குடுத்தனுப்பிச்சிருக்கு!"

மில் முழுக்கச் சிரித்தது. அன்று மதியம் ஆளுக்கு ஒரு கரண்டி சாம்பார் சாதம் கொண்டுவந்து எபினேசருக்கு வைத்தார்கள். "பொம்பளைங்க கோவம் ரெண்டு நாள்தான், பொறுத்துக்கோ" என்று சாலமோன் தட்டிக்கொடுத்தான். எபினேசர் அத்தனையையும் சாப்பிட்டார். ஏற்கெனவே மூத்திரப் பெலவீனக்காரர், இப்போது பெண்டாட்டியிடம் அடி வாங்குகிறவரும் ஆகியிருந்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர் மானத்தை முழம் முழமாக விற்றுக்கொண்டிருந்தார்.

இத்தனை அலைச்சலில் அவர் ஒன்றைக் கவனிக்கவேயில்லை. மில் படிக்கட்டில் இப்போதெல்லாம் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறிக்கொண்டிருந்தார்.

நிச்சய நாள் வந்தது. வாசலில் சாமியானா போட்டார்கள். மூப்பரின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மூப்பர் அறிவித்துவிட்டார்: வந்தவர் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து சம்பந்தியின் முட்டியைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கிய பிறகுதான் மோதிரத்துக்குப் பதில் வேதப் புத்தகம் மாற்றுவது.

"இத்தினி பேரு தொடறதுக்குள்ள ஆறிப் பூடுமேமே," என்று எபினேசர் உள்ளே போய்க் கிசுகிசுத்தார்.

செண்பகம் யோசித்தாள். உப்பைப் பொரியப் பொரிய வறுத்தாள். சூடு சீக்கிரம் மேலே தெரிய வேண்டும் என்று நடுவில் மடித்துப் போடும் துணியையும் எடுத்துவிட்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ. பொண்ணுக்காக," என்றாள்.

எபினேசர் சாமியானாவில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முட்டியில் தோல் கரகரவென்று எரிந்தது. பல்லைக் கடித்தார். கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது.

"எப்படி உருகுறாரு பாரேன்," என்றாள் மூப்பரின் மனைவி குணசுந்தரி, தன் மூக்கையும் சிந்திக்கொண்டு.

பாஸ்டர் மோசஸ் முதலில் வந்து கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். உள்ளங்கையை ஊதிக்கொண்டே குனிந்து, எபினேசர் காதோடு சொன்னார்: "பிரதர், அக்கினி இருக்கலாம். தோலு வேவக்கூடாது. நடுவுல ஒரு மறைப்பு போட்டுக்குங்க."

பாஸ்டர் எப்போதுமே இப்படி ஆழமாகத்தான் பேசுவார். என்ன அர்த்தம் என்று யோசிக்க எபினேசருக்குத் தெம்பில்லை.

மூப்பர் வந்தார். எல்லோரும் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள், அவர் நகரவில்லை. பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் முட்டியைக் கொண்டுவந்து எபினேசரின் முட்டியோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "இன்னும் கொஞ்ச நேரம் சம்பந்தி... ஆ... ஸ்தோத்திரம்," என்றார். வேதப் புத்தகம் மாற்றக் கூப்பிட்டபோதுகூட அவர் எழுந்திருக்க மனசில்லாமல்தான் எழுந்தார்.

அன்று சாயங்காலம் வேன் போன பிறகு எபினேசர் மூட்டையை அவிழ்த்தார். முட்டிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

ஜெபா பார்த்துவிட்டாள். "நைனா! இன்னா இது?"

இதற்கு மேல் அவரால் சுமக்க முடியவில்லை. பழவேற்காட்டு டாக்டரில் ஆரம்பித்து டிபன் பாக்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கோசரம் இத்தினி நாளா வெந்துகினு இருந்தியா நைனா?"

"விடுமே. சின்னக் காயம்."

"போய் சொல்லிடு. மூப்பர் கையில நேரா போய் சொல்லிடு. வேணான்னாங்கன்னா..." அவள் குரல் உடைந்தது. "வேணான்னாங்கன்னா வேணாம். ஒன் தோல உரிச்சி எனக்குக் கல்யாணம் வேணாம் நைனா."

எபினேசர் மகளின் தலையில் கையை வைத்தார். அவள் அழுதாள். செண்பகமும் அடுப்படியில் நின்று அழுதாள். இத்தனை நாள் அக்கினி அக்கினி என்று பேசிய வீட்டில் அன்றைக்குத்தான் உண்மையாக எதுவோ சுட்டது.

கொப்புளம் உடைந்து நீர் வடிய ஆரம்பித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வரை தாங்காது என்று தெரிந்தது. சனிக்கிழமையே கிளம்பினார். பழவேற்காட்டில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, திரும்பும் வழியில் பொன்னேரியில் இறங்கி, மூப்பர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் ஜெபாவின் முகம் வந்து நின்றது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து டாக்டரின் கிளினிக் வரைக்கும் நடந்தார். வாசற்படி ஏறும்போதுதான் அவருக்கே உறைத்தது. தோல் எரிகிறதே தவிர முட்டி வலிக்கவில்லை. மழைக்காலத்தில் இதே படியைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறியவர். நின்று ஒரு தரம் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். மடங்கியது, நீண்டது. சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது.

தலைத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழையப் போனார். மரியம் பீவி இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணே நீங்க? இன்னிக்கி எதுக்கு வந்தீங்க?" என்று அடிக்குரலில் சீறினாள்.

"தோலு வெந்துடுச்சிம்மா. கொஞ்சம் பாத்து..."

"துணி மடிச்சிப் போடச் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கம்மா. எம் மேலதான் தப்பு."

"சரி, பின்பக்கமா வாங்க. சத்தம் போடாம வாங்க."

"கொஞ்சம் சீக்கிரம் கட்டிவுட்டுடுங்கம்மா," என்றார் எபினேசர். மனசில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "அவசரமா பொன்னேரிக்குப் போவணும். எங்க சம்பந்தி யேசுதாஸ் மூப்பரு ஊட்டுக்கு. நான் டாக்டராண்ட வந்தது, ஒத்தடம் குடுத்தது, எல்லாத்தையும் அவுர் கால்ல வுழுந்து சொல்லிடப் போறேன். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்."

மரியம் பீவி விரித்த கையை இறக்கினாள். உள்ளே திரை போட்டிருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொன்னேரிக்கு எதுக்குண்ணே போறீங்க? செவ்வா நீங்க, வியாழன் ஒங்க பாஸ்டரு, சனிக்கெழம ஒங்க சம்பந்தி. தோ, ரெண்டு முட்டிக்கும் சூடா மெழுகு ஊத்திக்கினு உள்ளதான் ஒக்காந்துகினு கீறாரு. இப்டி நாள் மாத்தி வந்து நின்னீங்கன்னா, ஒங்க ஜெப ஊட்டு ரகசியத்த நான் ஒருத்தி எத்தினி நாளைக்கிண்ணே காப்பாத்துறது?"